பந்து தேயிலைக்குள் போனால் யார் எடுக்கப் போவது?

பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளில் மார்க் பற்றிக் கேட்கிறவர்கள் வகுப்பாசிரியரைச் சுற்றி நிற்பார்கள். "எம்பையன் யார்கூடயும் ஒட்டவே மாட்டேங்கிறான் சார்" என்று சொல்ல வருகிறவர்கள், கூட்டம் கலைந்தபிறகு மெல்ல என்னிடம் வருவார்கள். நான் பி.டி. வாத்தியார். கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை. வகுப்பறையில் யார் எங்கே உட்காருவது என்பதை உயரமும் மூக்குக்கண்ணாடியும் டீச்சரின் கோபமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பிள்ளைகள் தாங்களாக ஆள் தேடிக்கொள்வது மைதானத்தில்தான். யாருக்கு மவுசு, யார் இருந்தும் இல்லாத கணக்கு என்பதெல்லாம் விசில் ஊதுகிறவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

இந்த வருடம் வந்த ஓர் அம்மா தோட்டத்தில் இலை பறிக்கிறவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மகன் ஏழாவது படிக்கிறான். "மத்தப் பசங்க போட்டிருக்கற மாதிரி ஒரு ஷூ வாங்கிக் குடுத்தா சேத்துக்குவாங்களா சார்?" என்று கேட்டார். "ஷூவெல்லாம் வேண்டாம்மா, கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொல்லி அனுப்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதற்கு மேல் நின்று பேச முடியவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதுதான் இந்தப் பதிவு.

ஷூவுக்கு மதிப்பே கிடையாது என்று சொன்னால் அது பொய். மலைப்பகுதிப் பள்ளிகளில் ஸ்வெட்டரை அரசாங்கமே கொடுக்கிறது. எல்லாருக்கும் ஒரே நிறம். எல்லாரும் ஒன்றுபோல இருக்கும்போதுதான் சின்ன வித்தியாசம் கண்ணில் குத்தும். உள்ளே போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் காலர், குடையின் கைப்பிடி, ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் சிவப்புக் கோடு, இதெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். புது ஷூவோடு வருகிறவனைச் சுற்றி ஒரு கூட்டம் கூடத்தான் செய்கிறது. அந்தக் கூட்டம் ஷூவில் முதல் சேறு ஏறும்வரை இருக்கும். இங்கே பெய்கிற மழைக்கு அதற்கு ரொம்ப நாள் ஆகாது.

எட்டாவதில் பேக்கரி வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். இன்டர்வெல்லில் அவன் பையிலிருந்து வர்க்கிப் பொட்டலம் (எங்கள் மலையின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்) வெளியே வரும். நீலகிரியில் வர்க்கிக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். டீயில் நனைக்காமலே சாப்பிட்டுத் தீர்க்கிற வயது இவர்களுக்கு. பொட்டலம் தீரும்வரை அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர். பெல் அடித்து என் பீரியடுக்கு வந்து அணி பிரிக்கச் சொன்னால் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவனும் அவன் பக்கம் திரும்புவதில்லை. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் இன்னும் பெரிய பொட்டலமாகக் கொண்டு வருகிறான். நல்ல பையன். வர்க்கியில்லாமலும் அவனிடம் பேச விஷயம் இருக்கிறது. மாவை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும், அடுப்பில் எந்த விறகு போட வேண்டும் என்று அப்பா செய்வதைப் பார்த்து வைத்திருக்கிறான். பொட்டலத்தைக் கொண்டுவராத ஒரு நாளில் அதையெல்லாம் என்னிடம் சொன்னான். பசங்க யாரும் கேட்டதில்லையாம்.

மொபைலும் அப்படித்தான். ஃப்ரீ ஃபயர் கேமில் ரேங்க் ஏறியவனுக்குக் காலை பிரேயருக்கு முன்னால் ஒரு தர்பார் நடக்கும். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பாதி இடத்தில் சிக்னல் கிடைக்காது, கோயில் திருப்பத்தில் நின்றால்தான் கிடைக்கும், அதனால் இந்த ராஜாக்களின் ஆட்சியெல்லை கொஞ்சம் சின்னது.

படிப்பு? முதல் ரேங்க் எடுக்கிறவருக்கு மரியாதை உண்டு, ஆனால் அது நோட்டைக் கொடுக்கிறவரா மூடி வைக்கிறவரா என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர் இல்லினாய் மாநிலத்தில் 10 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961ல் வெளியிட்டார். அங்கே பையன்களிடம் படிப்பில் கெட்டிக்காரனைவிட விளையாட்டில் பேர் வாங்கியவனுக்கே செல்வாக்கு அதிகம் என்று கண்டார். பி.டி. வாத்தியார்களுக்கு இனிக்கிற முடிவு. ஆனால் என் மைதானத்தில் பார்த்தவரை அதுவும் பாதி உண்மைதான். எங்கள் பள்ளியில் குறுவட்டப் போட்டியில் ஓடி ஜெயித்த ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதம் அதே பையன் சாப்பாட்டு வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தான். கைதட்டுகிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் உட்கார வருவதில்லை.

இங்கேதான் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பசங்களிடம் "கிளாஸ்ல யாருக்குடா கெத்து?" என்று கேளுங்கள். ஒரே குரலில் இரண்டு மூன்று பேரைச் சொல்வார்கள். அப்புறம் தனித்தனியாகக் கூப்பிட்டு, "மைசூர் டூர் போனா பஸ்ல யார் பக்கத்துல உட்காருவ?" என்று கேளுங்கள். வேறு பெயர்கள் வரும். அமெரிக்காவில் பார்க்கர்ஸ்ட், ஹாப்மயர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1998ல் கிட்டத்தட்ட இதையே எழுதினார்கள். பிள்ளைகள் "இவன்தான் பெரிய ஆள்" என்று சுட்டிக்காட்டியவர்களில் பலரை அதே பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் என்று சொன்னது அன்பானவன், நம்பலாம் என்கிற ரகம். பெரிய ஆள் என்று சொன்னது அதட்டுகிற ரகம். இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் உண்டு, ஆனால் குறைவு. என்னிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் கெத்துப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது பஸ் சீட்.

இப்படிக் கேட்டு, வந்த பதில்களைக் கோடு போட்டுப் பார்க்கும் வழியை உண்டாக்கியவர் ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர். 1932ல் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியில் இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். மொரீனோ ஓடிப்போனவர்களின் குணத்தைத் துருவிக்கொண்டிருக்காமல், அங்கே யார் யாரோடு ஒட்டியிருந்தார்கள் என்று படம் வரைந்தார். பிள்ளை ஒன்றுக்கு ஒரு வட்டம், விருப்பத்துக்கு ஒரு அம்பு. ஓடும் எண்ணம் அந்த அம்புகளின் வழியாகத்தான் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போயிருக்கிறது என்று காட்டினார். நான் படிக்கும்போது இது உளவியல் தாளில் வருகிற சின்னக் கேள்வி. படம் வரைந்து பாகம் குறித்துவிட்டு மறந்துபோவோம். வேலைக்கு வந்தபிறகு அட்டென்டன்ஸ் நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தபோதுதான் ருசி தெரிந்தது. ஒரு வகுப்பை வரைந்தால் நாலைந்து பேர் மேல் அம்புகள் குவிந்திருக்கும். ஒன்றிரண்டு வட்டங்கள் ஓரத்தில் அம்பே இல்லாமல் கிடக்கும். ஓர் அம்புகூட வராத பிள்ளை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் கொடுக்காத பிள்ளை. அதனால்தான் ஆசிரியர் கண்ணிலும் படுவதில்லை.

1982ல் கோயி, டாட்ஜ், கொப்பொடெல்லி என்ற மூவர் இதை இன்னும் நுணுக்கினார்கள். பிடித்த மூன்று பேரையும் பிடிக்காத மூன்று பேரையும் கேட்டு, எல்லாருக்கும் பிடித்தவர், ஒதுக்கப்பட்டவர், கண்டுகொள்ளப்படாதவர், பாதிப் பேருக்கு உயிராகவும் பாதிப் பேருக்கு வேம்பாகவும் இருப்பவர், நடுத்தரம் என்று ஐந்தாக வகுத்தார்கள். பிடிக்காதவர் யார் என்கிற கேள்வியை நான் கேட்பதில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், நான் மறுநாளும் அதே பிள்ளைகள் முகத்தில் முழிக்க வேண்டும். ஆனால் அந்த நாலாவது ரகம் இருக்கிறதே, அவர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஒன்பதாவதில் ஒருவன், ஹெச்.எம். நடக்கிற மாதிரி நடந்து காட்டுவான். பாதிப் பேர் அவனுக்காக உயிரை விடுவார்கள், அவன் நடித்துக் காட்டிய மீதிப் பேர் அவன் சட்டையைப் பிடிப்பார்கள். என்னையும் நடித்திருக்கிறான் என்று கேள்வி. நன்றாக இருந்ததாம்.

சரி, பந்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் சமதளம் என்பது யாரோ மண்ணை அரிந்து உண்டாக்கியது. பள்ளி மைதானம் முழு ஃபுட்பால் கிரவுண்டில் பாதிகூட இருக்காது. ஒரு பக்கம் வகுப்பறை, ஒரு பக்கம் மண்மேடு, கீழே தடுப்புச் சுவர், அதன்மேல் இற்றுப்போன கம்பிவலை. அதற்கப்புறம் சரிவு முழுக்கத் தேயிலை. பந்து வலையைத் தாண்டினால் நேராகக் குதிக்க முடியாது. கேட்டைச் சுற்றிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, செடி வரிசைக்குள் நுழைய வேண்டும். கவாத்து பண்ணின தேயிலை இடுப்புயரத்துக்குத் தட்டையாக, நெருக்கமாக நிற்கும். உள்ளே போனால் ஸ்வெட்டர் கம்பளி இழுபடும், முட்டி சிராயும். பந்து எந்த வரிசையில் நின்றது என்று மேலிருந்து பார்த்தவனுக்குத் தெரியும், கீழே போனவனுக்குத் தெரியாது. ஓடைப் பக்கம் காட்டுமாடு படுத்திருக்கவும் கூடும். அதனால் தனியாக யாரும் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது என் சட்டம்.

பந்து போனதும் அந்த அரை நிமிடத்தைக் கவனியுங்கள், ஒரு வகுப்பின் சரித்திரமே அதில் இருக்கிறது. கெத்து உள்ளவன் இடுப்பில் கைவைத்து நிற்பான். "டேய், நீ போடா" என்று யாரையாவது காட்டுவான். காட்டப்பட்டவன் போவான். இவன் எப்போதும் போகிறவன், எடுத்துக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் போகிறவன். ஆனால் சேர்த்துக்கொள்வதில்லை. பந்தை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஏவின வேலையைச் செய்து நட்பைச் சம்பாதித்த பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் உதவி செய், பிடித்துப்போகும்" என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விதமும் நடக்கும். உதைத்தவன் "என் தப்புதான்" என்று தலையைச் சொறிந்துகொண்டு கிளம்புவான். யாரும் சொல்லாமலே இன்னொருவன் "இருடா, நானும் வர்றேன்" என்று கூடப் போவான். மேலே நிற்கிறவர்களில் ஒருவன் சுவர்மேல் ஏறி, "லெஃப்ட்ல, இன்னும் கீழ, அந்த சில்வர் ஓக் மரத்துக்கிட்ட" என்று வழி சொல்வான். அந்த இரண்டு பேரும் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டு, தவிட்டுப்பழம் இருக்கிறதா என்று வழியில் தேடிவிட்டு, ஏதோ பேசிக்கொண்டு வருவார்கள். அந்த ஜோடி அடுத்த நாள் மதியம் ஒன்றாகச் சாப்பிடும். கூடப் போகிறவனும் சுவர்மேல் ஏறி வழி சொல்கிறவனும்தான் நான் சொன்ன பஸ் சீட் பட்டியலில் முதலில் வருகிறவர்கள். அவர்கள் அணியில் சிறந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. பல சமயம் இருப்பதுமில்லை.

நடக்கிற ஆட்டத்துக்குள் நுழைவது தனி வித்தை. ஜார்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் இப்போது எங்கள் பக்கம் நிறைய. அப்படி ஒரு குடும்பத்துப் பெண் ஆறாவதில் சேர்ந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. படுகர்களின் படுகு பாஷையும் தமிழும் கலந்து ஓடுகிற எங்கள் வகுப்பில் யார் எந்தப் பாஷை பேசுகிறார்கள் என்றே அவளுக்கு விளங்கியிருக்காது. பெண்பிள்ளைகள் எறிபந்து ஆடும்போது முதலில் வராந்தாத் தூணோடு நின்றாள். அப்புறம் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டிப் போன பந்தை ஒரு நாள் காலால் நிறுத்தினாள். அதைக் கையில் எடுத்து, அடுத்து யார் சர்வீஸ் போட வேண்டுமோ சரியாக அவளிடம் வீசினாள். இவ்வளவுதான் செய்தாள். ஆனால் ஆட்டம் அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் ஸ்கோர் சொல்ல ஆரம்பித்தாள். அவள் முதலில் கற்ற தமிழ் ஒன்று முதல் பதினைந்து வரை. "பதிமூணு, பன்னெண்டு" என்று அவள் கத்தும்போது வகுப்பே சிரிக்கும், அவளும் சிரிப்பாள். மழை வருவதற்குள் அவளுக்கு அணியில் இடம் இருந்தது.

அதே வருடம் கோயமுத்தூர் மெட்ரிக் பள்ளியிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பேச்சு, நல்ல உடல், கால் வேகமும் உண்டு. வந்த முதல் நாளே நடக்கிற ஆட்டத்துக்குள் நின்று, "எங்க ஸ்கூல்ல இப்படி ஆட மாட்டோம், இது ஃபவுல்" என்றான். அவன் சொன்னது சரி, அது ஃபவுல்தான். ஆனால் அந்த டேர்ம் முழுக்க அவனுக்கு யாரும் பாஸ் போடவில்லை.

மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் என்ற இருவர் 1981ல் இதைத்தான் பரிசோதித்தார்கள். இரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மூன்றாவது பிள்ளையை அனுப்பிப் பார்த்தார்கள். நண்பர்கள் குறைந்த பிள்ளைகள் தங்களைப் பற்றிப் பேசினார்கள், கேள்வி கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார்கள், மறுத்துப் பேசினார்கள். பலருக்கும் பிடித்த பிள்ளைகள் அங்கே என்ன நடக்கிறதோ அதோடு ஒட்டி உள்ளே போனார்கள். பாஷை தெரியாததே ஜார்கண்ட் பெண்ணுக்கு நல்லதாகப் போய்விட்டது என்று சில சமயம் நினைப்பேன். வேடிக்கைதான், ஆனால் ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

எனக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1964ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. நான் இங்கே பிறந்தவன், அண்ணன் அங்கே பிறந்து வந்தவர். அவர் பேச்சில் இலங்கை மலையகம் இருந்தது. வாயைத் திறந்தால் "சிலோன்காரன்" என்று பின்னாலேயே வருவார்கள். அண்ணன் கிரிக்கெட்டுக்குள் நுழைந்தது விக்கெட் கீப்பராக. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்துச் சரிவில் அந்த இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். பின்னால் ஓரடி வைத்தால் பள்ளம், பந்தை விட்டால் தேடிக்கொண்டு இறங்க வேண்டும். அண்ணன் அங்கே நின்றார், பந்தை விடவும் இல்லை. ஏவப்பட்டுப் பந்து எடுக்கிறவனுக்கும் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அந்த இடத்தை அவராகவே கேட்டு வாங்கினார். அந்த ஆட்டம் அவர் இல்லாமல் நடக்காது என்று ஆனது. இன்றைக்கும் அந்தக் கூட்டத்தில் இருவர் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் பரிமாறுகிறார்கள்.

ஆட்டம் மாறினால் ஆளும் மாறுவார்கள். சமவெளிப் பள்ளிகளில் இவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்று தெரியாது, மலையில் தெரியும், காரணம் மழை. நீலகிரிக்கு இரண்டு மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளுத்து வாங்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் வானம் பிளக்கும். நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். எந்தப் பக்கமானாலும் மழை தொடங்கினால் மைதானம் பூட்டிய மாதிரிதான். கணக்கு சார் வாசலில் வந்து நின்று, "மழைதானே, பீரியடை எனக்குக் குடுத்துடுங்க" என்பார். கொடுக்க மாட்டேன். வராந்தாவில் கேரம் போர்டும் செஸ் போர்டும் வெளியே வரும்.

2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அந்தச் சமயத்தில் பள்ளிக்குப் பள்ளி செஸ் பேச்சாக இருந்தது. எங்கள் எட்டாவதில் ஒருவன், ஃபுட்பாலில் யாரும் தேடாதவன், ஓடினால் மூச்சு வாங்கும். செஸ் போர்டு முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஆள். அவன் தோளுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஃபுட்பால் கேப்டன் அவனிடம் குதிரை எப்படிப் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். மழை விட்டு வெயில் வந்ததும் செஸ் போர்டு உள்ளே போய்விட்டது, ஆனால் அவன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் கேப்டனே அவனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். கோலில் நிற்க வைத்தான், சுமாராகத்தான் பிடித்தான், பரவாயில்லை.

ஆனால் வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி பிடித்துப்போகிற சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் கோயியும் குப்பர்ஸ்மிட்டும் 1983ல் செய்த ஆய்வு. நாலாம் வகுப்புப் பையன்களை நாலு நாலு பேராகப் பிரித்து, வாரம் ஒரு முறை, ஆறு வாரம் விளையாட விட்டார்கள். சில குழுக்களில் ஒருவரையொருவர் முன்பின் தெரியாது. மூன்றாவது வாரத்திலேயே பள்ளியில் யாருக்கு எந்த இடமோ அதே இடம் புதுக் குழுவிலும் வந்துவிட்டது. பள்ளியில் கண்டுகொள்ளப்படாமல் இருந்தவர்கள் மட்டும் புது இடத்தில் கொஞ்சம் துளிர்த்தார்கள். எனக்கு இது சந்தோஷமான சேதி. ஓரத்து வட்டங்களுக்குத் தேவைப்படுவது பல சமயம் புது ஆட்கள்தான், புதுக் குணம் இல்லை. அதனால் கேரம் போர்டுக்கு நாலு பேரை உட்கார வைக்கும்போது ஒரே கும்பலில் நாலு பேரைப் போட மாட்டேன். ஒரு ஹட்டிப் பிள்ளை, ஒரு லயத்துப் பிள்ளை, ஒரு டவுன் பிள்ளை, அப்புறம் அந்த ஓரத்து வட்டத்தில் ஒருவன்.

அணி பிரிப்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று ஒவ்வொருவனாகக் கைகாட்டி எடுப்பது எனக்கு ஆகாது. கடைசியில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். நம் பாட்டன் காலத்து உத்தி பிரிக்கிற முறையே போதும். ஏறக்குறைய சமமான இருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள், திரும்பி வந்து, "கரடி வேணுமா, காட்டுமாடு வேணுமா?" என்பார்கள். முன்பெல்லாம் பழத்தின் பெயர், பூவின் பெயர். இப்போது தோனியும் கோலியும் வந்துவிட்டார்கள். கேப்டன் பெயரைத்தான் எடுக்கிறான், ஆளை எடுக்கவில்லை. கடைசி ஜோடியும் ஜோடியாகத்தான் வருகிறது. சமமான ஜோடி தேட வேண்டியிருப்பதால், தன்னைப் போல ஆடுகிறவன் யார் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. அப்படி உத்தி பிரித்துக்கொண்டு தோளில் கைபோட்டுப் போனதே முதல் தொடுகையாக இருந்து நண்பர்களானவர்கள் உண்டு.

பெண்பிள்ளைகள் விஷயம் எனக்குப் பாதிதான் தெரியும். அவர்கள் கூட்டணி மைதானத்தில் உருவாவதில்லை, வீட்டுக்கு நடக்கிற பாதையில் உருவாகிறது. அங்கே அடி கிடையாது, பேசாமல் இருப்பதுதான் ஆயுதம். எங்கள் தமிழ் டீச்சர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். எனக்குத் தெரியவரும்போது அவர்கள் சண்டை போட்டுச் சமாதானமே ஆகியிருப்பார்கள்.

பெரிய ஆளாக வலம் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வருவதே இல்லை, அதுதான் வருத்தம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆலனும் மற்றவர்களும் 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயதுவரை பின்தொடர்ந்து 2014ல் எழுதினார்கள். பதின்மூன்றிலேயே காதல், சில்லறைத் தப்புகள், அழகானவர்களோடு மட்டும் சகவாசம் என்று வயதுக்கு மீறி நடந்தவர்களுக்கு அப்போது செல்வாக்கு இருந்தது. வயது ஏற ஏற அது கரைந்தது. குடி, சட்டச் சிக்கல் என்று போனவர்கள் அவர்களில் அதிகம். எட்டாவதிலேயே பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு திரிந்த சிலரைப் பிற்பாடு கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். சிலர் நன்றாக இருக்கிறார்கள், ஜீப் ஓட்டுகிறார்கள், கேரட் லோடு ஏற்றுகிறார்கள். சிலர் என்னைக் கண்டால் டீக்கடைக்குள் நகர்ந்துவிடுகிறார்கள்.

ஷூ கேட்ட அம்மாவின் மகனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அவன் ஓரத்து வட்டம்தான், ஒதுக்கப்பட்ட பிள்ளை இல்லை. யாரும் அவனைத் திட்டுவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. அவனை அப்பா தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து பெல் அடிக்கிற நேரத்துக்கு இறக்குகிறார், பெல் அடித்ததும் ஏற்றிக்கொண்டு போகிறார். பிரேயருக்கு முந்தின கால்மணி நேரமும் சாயங்காலம் கீழ் ரோடு வரை நடக்கிற நேரமும் அவனுக்குக் கிடைப்பதே இல்லை. ஷூவுக்குப் பதிலாக அந்த நேரத்தைக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் போனில் பேசினேன். வாரத்தில் இரண்டு நாள் லயத்துப் பிள்ளைகளோடு நடந்து வரட்டும் என்றேன். கரடி நடமாட்டம் இருக்கிறதே என்று பயந்தார், நியாயம்தான். கும்பலாகத்தான் வருகிறார்கள், வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுகிறார்கள் என்று சொன்னேன்.

இதற்கிடையில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் மைதானத்துக்கு உயரமான வலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பந்து வெளியே போகாதாம், நேரம் மிச்சமாம். ஓடைப் பக்கம் கட்டாயம் போடுங்கள், காட்டுமாடு வருகிற இடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த சில்வர் ஓக் மரம் நிற்கிற பக்கத்துக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பட்ஜெட் இடிக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.